ஆணி அடிக்காதீர்கள், படியைச் சரிசெய்யுங்கள்

சென்ற வாரம் ஒண்டிக்கடை ரவுண்டானா பக்கம் பால் வாங்கப் போனேன். எங்கள் தெருப் பையன் ஒருவன் எதிரே வந்தான். ஒரு கையில் பெயின்ட் டப்பா. இன்னொரு கையில் பத்துப் பன்னிரண்டு உப்புத்தாள், ஒரு பட்டித் தகடு.

"என்னப்பா, வீட்டில் ஏதாவது விசேஷமா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க சார். சம்சாரத்துக்கு அஞ்சாம் மாசம். கொழந்தைக்குன்னு ஒரு ரூம் ரெடி பண்றோம். பழைய பெயின்ட்டை எல்லாம் சுரண்டி எடுத்துட்டு மஞ்சள் கலர் அடிக்கப் போறேன். சுவத்துல யானை, மயில் எல்லாம் அவளே வரையப் போறா. எல்லாம் செல்போன்ல பாத்து எங்க கையாலேயே செய்யறோம்" என்றான். முகமெல்லாம் சிரிப்பு. நல்ல பையன். குடிப்பதில்லை. சம்பளத்தை வீட்டில் கொடுக்கிறவன். அவன் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனமில்லை. அன்று ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

மறுநாள் அவர்கள் வீட்டிலிருந்து கூச்சல். அவனுடைய ஆயா வாசலில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார். "வாயும் வயிறுமா ஒருத்தி இருக்கற வீட்டுல சுவத்தத் தட்டறானே! ஆணி அடிக்கறானே! எங்கயாச்சும் அடுக்குமா?" உள்ளே பையன் சன்னல் கட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்த தூளைக் கூட்டிக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் நியாயம் கேட்டார்கள். "நீங்க படிச்சவங்க, சொல்லுங்க சார்" என்றான் பையன். "வயசானவரு நீங்க, நீங்களே சொல்லுங்க" என்றார் ஆயா.

இருவர் செய்வதும் தப்பு என்று சொன்னேன். இருவருக்கும் பிடிக்கவில்லை. குடிக்கக் கொடுத்த காபியை நின்றபடியே குடித்துவிட்டு வந்தேன். அங்கே அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன். எழுபது வயதைக் கடந்தவன், கோபப்பட்டு எழுதினாலும் பொறுத்துக்கொள்வீர்கள்.

முதலில் ஆயாவின் கட்சியை எடுத்துக்கொள்வோம். நம் வீடுகளில் இந்தச் சட்டங்கள் எல்லோருக்கும் தெரியும். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் கடைக்கால் தோண்டக் கூடாது. நிலை வைக்கக் கூடாது. கிணறு வெட்டக் கூடாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. கிரகணத்தின்போது அரிவாள்மணையைத் தொடக் கூடாது. புருஷன் பிணம் தூக்கக் கூடாது, சிலர் வீட்டில் முடிகூட வெட்டிக்கொள்ளக் கூடாது. பிள்ளை பிறப்பதற்கு முன்னால் தொட்டில் வாங்கக் கூடாது, சட்டை தைக்கக் கூடாது.

இதை எல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறவன் அல்ல நான். 1951-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 146 குழந்தைகள் முதல் பிறந்த நாளைக் காணவில்லை. ஏழில் ஒன்று! அப்படி ஒரு காலத்தில், வாங்கி வைத்த தொட்டில் வெறுமையாகக் கிடப்பதைப் பார்க்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? வாங்காதே என்று சொன்னது அந்தத் துக்கம்தான் என்பது என் எண்ணம். சுவரை இடிக்காதே, தூசி கிளப்பாதே, வீட்டில் கல்லும் மண்ணும் கொட்டி வைக்காதே என்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆட்கள் வந்து போகும் இடத்தில் வயிற்றுப் பிள்ளைக்காரி தடுக்கி விழுவாள்.

ஆனால் தமிழ்நாட்டில் இன்று அந்தக் கணக்கு மாறிவிட்டது. 2020-ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி இங்கே ஆயிரத்துக்கு 13. கணக்கு மாறிய பிறகும் சட்டம் மாறவில்லை. அதுவும் பரவாயில்லை. என் கோபம் வேறு. ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்லும் அதே வாய், "அந்தப் பாசி பிடிச்ச படியை ஏண்டா இன்னும் சரிபண்ணல?" என்று கேட்பதில்லை. "எது செய்யக் கூடாது" என்பதற்கு நம்மிடம் நூறு சட்டம் இருக்கிறது. "எது செய்தே ஆக வேண்டும்" என்பதற்கு ஒன்றுகூட இல்லை.

இதை நான் வெளியிலிருந்து சொல்லவில்லை. 1979-இல் என் வீட்டில் நடந்தது.

அப்போது நான் மலைக்கு மாற்றலாகி வந்து மூன்று வருஷம். நாகலூர் போகும் சாலையில் ஒரு வாடகை வீடு. நம் ஊர் வீடுகள் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சரிவில் வெட்டி எடுத்த இடத்தில் வீடு; அதற்குக் கீழே ஏழெட்டுப் படி இறங்கினால் குளியலறையும் கக்கூசும். கருங்கல் படி. ஆடி மாதம் தொடங்கினால் மார்கழி வரை பச்சைப் பாசி. பனி இறங்கினால் மூன்றாம் படிக்குமேல் கண்ணுக்குத் தெரியாது. விளக்கு கிடையாது.

என் மனைவிக்கு நாலாம் மாதம். படிக்குச் சிமென்ட் பூசி, பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு குழாய் நட்டுவிடலாம் என்று வீட்டுக்காரரிடம் நானே அனுமதி வாங்கினேன். ஒரு மூட்டை சிமென்ட்டும் வாங்கித் திண்ணையில் வைத்துவிட்டேன். என் அம்மா கேட்டார், "மாசமா இருக்கறவ வீட்ல கொத்து வேலையா? ஒனக்குப் புத்தி இருக்கா? பெத்து எறங்கட்டும், அப்புறம் பூசிக்க." நான் வாதாடவில்லை. அம்மாவிடம் அன்பு ஒரு காரணம். செலவு தள்ளிப்போகிறதே என்ற நிம்மதி இன்னொரு காரணம். இதை ஒப்புக்கொள்ள எனக்கு நாற்பது வருஷம் ஆயிற்று.

ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை அவள் வழுக்கி விழுந்தாள். ஜீப் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்துக்குக் கொண்டுபோனோம். அவள் பிழைத்தாள். பிள்ளை தங்கவில்லை.

திரும்பி வந்தபோது திண்ணையில் அந்தச் சிமென்ட் மூட்டை அப்படியே இருந்தது. மூன்று மாதப் பனியில் ஈரம் ஏறிக் கல்லாகிப் போயிருந்தது. கடப்பாரையால்தான் உடைக்க முடிந்தது. வேறு மூட்டை வாங்கி ஒரே நாளில் படியைப் பூசினோம். மேஸ்திரிக்கு ஒரு நாள் கூலி, சித்தாளுக்கு ஒரு நாள் கூலி. அவ்வளவுதான் செலவு.

அம்மா அதற்குப் பிறகு ஆணியைப் பற்றிப் பேசியதே இல்லை. நானும் அவரைக் குறை சொன்னதில்லை. குறை சொல்ல வேண்டிய ஆள் நான்தான்.

இனி அந்தப் பையனின் கட்சி. அவனுக்கு இந்தப் பயம் எதுவும் கிடையாது. நல்லது. ஆனால் அவன் கையில் எடுத்த உப்புத்தாள், அவன் ஆயா பயப்படும் ஆணியைவிட ஆயிரம் மடங்கு மோசமானது.

பழைய எனாமல் பெயின்ட்டில் ஈயம் இருந்தது. நிறம் பளிச்சென்று இருக்கவும் சீக்கிரம் காயவும் சேர்த்தார்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் அதிகம். (நம் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வேறு, அது வெள்ளீயம். நான் சொல்வது காரீயம்.) நம் நாட்டில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு விதி போட்டது 2016-இல்தான். அது நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1 முதல். அப்படியானால் அதற்கு முன் அடித்த சன்னல், கதவு, கம்பி எதையும் நம்ப முடியாது. நம் வீடுகளில் பாதி அப்படித்தானே?

பெயின்ட் ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும் வரை பெரிய ஆபத்தில்லை. தேய்த்தால் தூளாகிறது. தூள் மூச்சில் போகிறது, கையில் ஒட்டிச் சோற்றில் போகிறது. கர்ப்பிணியின் ரத்தத்தில் கலந்த ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகும். கருச்சிதைவு, குறைப்பிரசவம், எடை குறைந்த பிள்ளை எல்லாம் வரலாம். பிறந்த பிறகும் மூளை வளர்ச்சி குன்றும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த அறையிலேயே எட்டாம் மாதம் குழந்தை தவழும். தரையில் கிடக்கும் செதிலைப் பொறுக்கி வாயில் போடும். சன்னல் கட்டையைப் பிடித்து நின்று கடிக்கும். நம் எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் செய்வதுதான்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மொழியில் படித்தவன். ஈய நஞ்சால் வரும் நோய்க்குப் பிரெஞ்சில் 'சாத்துர்னிஸ்ம்' என்று பெயர். 'சாத்துர்ன்' என்றால் சனிக் கிரகம். அந்தக் காலத்து ரசவாதிகள் ஒவ்வோர் உலோகத்துக்கும் ஒரு கிரகத்தைக் கொடுத்தார்கள், ஈயத்துக்குச் சனி. சன்னலைத் தேய்த்துக்கொண்டிருந்த பையனையும் தூளைக் கூட்டிக்கொண்டிருந்த பெண்ணையும் பார்த்தபோது எனக்கு அந்தச் சொல்தான் நினைவுக்கு வந்தது. ஆயா தேடும் சனி ஆணியில் இல்லை, அந்த முறத்தில் இருந்தது.

பிரான்சில் வெள்ளை ஈயத்தைக் கட்டட வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 1909-இலேயே சட்டம் போட்டு, 1915 முதல் தடுத்தார்கள். 1921-இல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஓர் உடன்படிக்கை செய்தது. வெள்ளை ஈயம் கலந்த பெயின்ட் வேலையில் பெண்களையும் பதினெட்டு வயதுக்குக் குறைந்த ஆண்களையும் அமர்த்தக் கூடாது என்று அதில் எழுதினார்கள். நூறு வருஷத்துக்கு முன் கூலிப் பெண்ணுக்கே தடுத்த வேலையை, இன்று நாம் வீட்டுப் பெண்ணுக்கு, அதுவும் அஞ்சாம் மாதத்தில், ஆசையாகச் செய்து முடி என்று கொடுக்கிறோம்.

இன்னொன்றையும் நம் ஊரில் பார்க்கிறேன். பழைய எஸ்டேட் பங்களாக்களைப் பிரிக்கும்போது கதவு, சன்னல் சகாயமாகக் கிடைக்கிறது. அதை வாங்கி வந்து இழைத்து, கையாலேயே தொட்டில் செய்கிறார்கள். மரம் நல்ல மரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன்மேல் எத்தனை பூச்சு பெயின்ட் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இழைக்கிறவனுக்கும் கேடு, பல் முளைக்கும்போது அந்தக் கட்டையைக் கடிக்கப் போகும் பிள்ளைக்கும் கேடு. அந்தக் கதவைக் கதவாகவே வையுங்கள்.

சரி, இந்தத் தனி அறை எதற்கு? நம் வீட்டில் எந்தப் பிள்ளை தனி அறையில் தூங்கியது? பிறந்த பிள்ளை தாயின் பக்கத்தில்தான் இருக்கும். தனி அறை வழக்கம் உள்ள அமெரிக்காவிலேயே, குழந்தை மருத்துவர்களின் சங்கம் குறைந்தது ஆறு மாதம் பெற்றோர் அறையிலேயே குழந்தையைத் தூங்க வையுங்கள் என்கிறது. தனிப் படுக்கை வேண்டும், தனி அறை வேண்டாம். அந்தப் படுக்கையிலும் தலையணை கூடாது, மெத்தென்ற பொம்மை கூடாது, சுற்றிலும் பஞ்சு வைத்துத் தைத்த தடுப்பு கூடாது, மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்கிறது. செல்போனில் காட்டும் அழகு அறையில் முக்கால்வாசிச் சாமான் இந்தக் 'கூடாது' பட்டியலில் வந்துவிடும்.

அறை யாருக்காக? வருகிறவர்கள் பார்க்க, படம் எடுத்து அனுப்ப. பிள்ளைக்கு முதல் சில மாதம் யானையும் தெரியாது, மயிலும் தெரியாது. அம்மாவின் முகம் தெரிந்தால் போதும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேடிக்கை ஒன்று இருக்கிறது. அந்தப் பையனிடம் கேட்டேன், "பிரசவம் எங்கேப்பா?" என்று. "அவங்க அம்மா வீட்டுலதான் சார். ஏழாம் மாசம் வளைகாப்பு முடிஞ்சு அனுப்பிடுவோம். கொழந்தைக்கு மூணு மாசம் ஆனப்புறம் வருவாங்க."

அப்படியானால் அந்தப் பெண் வயிறு மிகப் பெருத்திருக்கும் மாதங்களிலும், பெற்ற உடம்போடு இருக்கும் மாதங்களிலும், பிள்ளை பச்சைப் பிள்ளையாக இருக்கும் மாதங்களிலும் இந்த மஞ்சள் அறையில் இருக்கப்போவதே இல்லை! மலைக்குள்ளே ஒரு கிராமத்தில் அவளுடைய அம்மா வீடு. நான் அந்த வீட்டுக்கு ஒருமுறை ஒரு துக்கத்துக்குப் போயிருக்கிறேன். கக்கூஸ் தோட்டத்தின் கோடியில். வெந்நீர் விறகடுப்பில். அடுப்பு இருக்கும் தாழ்வாரத்துக்குப் புகைபோக்கி இல்லை. செலவழிக்க வேண்டிய வீடு அது.

ஆனால் மாப்பிள்ளை வீட்டார் சம்பந்தி வீட்டுப் படிக்குச் சிமென்ட் வாங்கிக் கொடுத்து நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நான் கேள்விப்பட்டதில்லை. தலைப் பிரசவச் செலவு பெண்ணைப் பெற்றவர்கள் தலையில். வளைகாப்புச் செலவு, சீர், தொட்டில், தங்க மோதிரம் எல்லாம் அவர்கள் தலையில். கையில் இருப்பதை எல்லாம் அதில் கொட்டிவிட்டு, படியைச் சரிசெய்ய அவர்களிடம் என்ன மிச்சம் இருக்கும்? நாம் நம் வீட்டுச் சுவருக்கு மஞ்சள் அடித்துக்கொண்டு, "எங்க மருமகளுக்காக எவ்வளவு செஞ்சோம் தெரியுமா" என்று சொல்லிக்கொள்வோம்.

அரசாங்கம் தன் பங்கைக் கூட்டித்தான் வந்திருக்கிறது. நான் வேலையில் சேர்ந்த காலத்தில் பிரசவ விடுப்பு மூன்று மாதம். தமிழக அரசு ஊழியர்களுக்கு அது 2011-இல் ஆறு மாதம் ஆயிற்று, 2016-இல் ஒன்பது மாதம், 2021 ஜூலை முதல் ஒரு வருஷம். முத்துலட்சுமி ரெட்டி பேரில் உள்ள மகப்பேறு உதவி 18,000 ரூபாய் மதிப்புக்கு உயர்ந்திருக்கிறது. (அது அந்தப் பெண் சாப்பிடுவதற்கான பணம். பெயின்ட்டுக்கும் அல்ல, படிக்கும் அல்ல. கை வைக்காதீர்கள்.) ஊருக்கு ஊர் சமுதாய வளைகாப்பு நடத்துகிறார்கள். கூப்பிட்டால் 108 வருகிறது. வீட்டுக்குள்ளே நாம் எதைக் கூட்டினோம் என்று கேட்டால், என்னிடம் பதில் இல்லை.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நியாயமில்லை. செய்ய வேண்டியதை என் அனுபவத்தில் தெரிந்தவரை சொல்கிறேன்.

ஒன்று, படி. இருக்கும் வீட்டிலும் சரி, பிரசவத்துக்குப் போகும் வீட்டிலும் சரி, அவள் இரவில் நடக்கும் வழியை நீங்கள் ஒரு தடவை இருட்டில் நடந்து பாருங்கள். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தென்னந்துடைப்பத்தால் தேய்த்தால் பாசி போகும். ஆனால் அடுத்த மழைக்குத் திரும்ப வரும். அதனால் படிக்குச் சிமென்ட் பூசி, அது காய்வதற்குள் துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்துவிடச் சொல்லுங்கள். வழவழப்பாகப் பூசிவிட்டு அழகாயிருக்கிறது என்று மேஸ்திரி சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஏழு நாள் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதுவரை அவளுக்கு வேறு வழி வேண்டும். பக்கத்தில் கைப்பிடிக்கு ஒரு இரும்புக் குழாய். கக்கூசுக்குள்ளும் எழுந்திருக்கப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. வழியில் ஒரு விளக்கு.

இரண்டு, புகை. கேஸ் அடுப்பு இருக்கிறதே என்பீர்கள். 2016 மே மாதம் உஜ்வாலா திட்டம் வந்தபின் நம் மலைக் கிராமங்களிலும் சிலிண்டர் இருக்கிறது, உண்மை. ஆனால் இந்தக் குளிரில் குளிக்கிற வெந்நீர் விறகில்தானே? அந்தப் புகையும் கர்ப்பிணிக்குக் கேடுதான்; பிள்ளை எடை குறையும். வெந்நீர் அடுப்பை வீட்டுக்கு வெளியே தள்ளுங்கள், அல்லது புகைபோக்கி வையுங்கள், அதுவும் முடியாவிட்டால் அவள் ஊதாமல் வேறு யாராவது ஊதுங்கள்.

இதோடு சேர்ந்தது இன்னொன்று. பிள்ளை பெற்றவளுக்குக் குளிர் தாக்கக் கூடாது என்று கரிக்கங்கைச் சட்டியில் போட்டு, கதவையும் சன்னலையும் சாத்தி, அறைக்குள் வைக்கிறோம். இதைப்போல ஆபத்து வேறு இல்லை. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவார்கள். கம்பளி போடுங்கள், தாயின் உடம்போடு பிள்ளையை அணைத்து வையுங்கள். கங்கு வேண்டாம். குளிப்பாட்டிய பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டுவதும் வேண்டாம். கோபித்துக்கொள்ளாதீர்கள், அதுவும் புகைதான்.

மூன்று, ஒழுகல். ஓடு மாற்றுவது, கூரையில் தண்ணீர் இறங்கும் இடத்தை அடைப்பது, சுவரோரம் நிற்கும் மழைத் தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டுவது. நம் ஊர்ச் சுவரில் பூஞ்சை வருவது இந்த ஈரத்தால்தான். அதன்மேல் புதுப் பெயின்ட் அடிப்பது, குளிக்காமல் பவுடர் பூசிக்கொள்வது மாதிரி.

நான்கு, பழைய எனாமல் பெயின்ட்டைத் தொடாதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள், போதும். உதிர்ந்துகொண்டிருக்கிறது, எடுத்தே தீர வேண்டும் என்றால் அவளும் சின்னப் பிள்ளைகளும் வேறு வீட்டில் இருக்கட்டும். உலர்ந்தபடி தேய்க்காமல், தண்ணீர் தெளித்து நனைத்துச் சுரண்டச் சொல்லுங்கள். தரையைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத் துணியால் இரண்டு மூன்று தடவை துடையுங்கள். சுரண்டினவரின் துணியைத் தனியாகத் துவையுங்கள். வெறும் சுண்ணாம்புச் சுவருக்கு இந்தத் தொல்லை இல்லை. மேலே இன்னொரு தடவை சுண்ணாம்பே அடித்துக்கொள்ளலாம், அதையும் அவள் அடிக்க வேண்டாம்.

கையால் ஒன்றுமே செய்யக் கூடாதா என்று அந்தப் பெண் கேட்டது. குரலில் ஏமாற்றம். ஏன் கூடாது அம்மா, தாராளமாகச் செய். உட்கார்ந்து செய்யும் வேலையாகச் செய். தாத்தாவின் பழைய நூல் வேட்டியைக் கொதிநீரில் அலசி, வெயிலில் காயவைத்து, கிழித்து, ஓரம் அடித்து வை. பிறந்த பிள்ளைக்கு அதைப்போல மெத்தென்ற துணி எந்தக் கடையிலும் இல்லை. குளிருக்குக் கம்பளிச் சட்டையும் கால் உறையும் பின்னு. இந்த ஊரில் பின்னத் தெரிந்த பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள், கேட்டால் சொல்லித் தருவார்கள். கழுத்தில் கட்டும் நாடா மட்டும் வேண்டாம்.

தூளியும் கட்டலாம். நானே அம்மாவின் புடவைத் தூளியில் வளர்ந்தவன்தான். ஆனால் கட்டும் விட்டம் உறுதியா, கயிறு இற்றுப்போகவில்லையா என்று ஓர் ஆண்பிள்ளை தொங்கிப் பார்த்துவிட்டுக் கட்டட்டும். பக்கத்தில் ஆள் விழித்திருக்கும்போது மட்டும் தூளி. இரவு முழுவதும் அதில் போட்டுவிட்டுத் தூங்கினால் துணி மூக்கில் அடைத்துக்கொள்ளும். கழுத்து மடிந்து மூச்சுத் திணறும். தூளியைப் பற்றி உருகுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

"எங்க காலத்துல இதெல்லாம் பாத்தா புள்ள பெத்தோம்? பத்துப் பெத்து வளக்கலையா?" என்று சிலர் கேட்பார்கள். பத்துப் பெற்றது உண்மை. எத்தனை நின்றது என்று அந்தப் பாட்டிகளையே கேளுங்கள். கேட்டால் கொஞ்ச நேரம் பேச மாட்டார்கள்.

"புது அப்பன் ஆசையா செய்யறான், அதையும் தடுக்கறீங்களே" என்று இன்னொரு கட்சி. ஆசையைத் தடுக்கவில்லை ஐயா. அதே ஆசையோடு மாமியார் வீட்டுக்குப் போய் அந்தப் படியைப் பூசட்டும் என்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு மூட்டைச் சிமென்ட்டோடு மாப்பிள்ளை வந்து இறங்கினால் அந்த வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். படம் எடுத்துப் போடுவதாயிருந்தால் அதைப் போடட்டும்.

இதை எழுதி முடிக்கும்போது ஒரு செய்தி. பையன் நேற்று வந்தான். சன்னல் வேலையை நிறுத்திவிட்டதாகச் சொன்னான். அறையை ஈரத் துணியால் மூன்று தடவை துடைத்தானாம். அவளை அந்தப் பக்கம் விடவில்லையாம். டாக்டரிடம் சொல்லி ரத்தம் பார்த்துக்கொள்ளச் சொன்னேன், தலையாட்டினான். மாமியார் வீட்டுப் படியைப் பற்றிக் கேட்டேன். "எங்க அப்பா என்ன சொல்வாரோ தெரியல சார்" என்றான்.

அவன் அப்பாவும் இதைப் படிக்கிறவர்தான். படித்துவிட்டுச் சொல்லட்டும். வளைகாப்புக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. மழை அதற்கு முன்பே வந்துவிடும்.